மெஷின் இல்லாமலும் காயும் மிளகு

கொல்லிமலை மூடுபனியில் மிளகு லேசில் காயாது. எப்போதெல்லாம் கிளறினால் பூஞ்சை பிடிக்காது என்று நான் ஒரு கணக்கு கண்டுபிடித்தேன். காப்புரிமை வாங்க சேலத்து வக்கீலிடம் போனேன்.

"வெறும் கணக்குக்குக் கிடைக்காதுங்க. மெஷின் செய்யற வேலையா இருக்கணும்" என்றார்.

அந்தக் கணக்குப்படி தானே கிளறும் மெஷின் ஒன்றைச் செய்தேன். மனைவியோடு மறுபடி போனேன்.

"மெஷினை எடுத்துட்டா உங்க முறை நடக்குமா?" என்று கேட்டார் வக்கீல்.

நான் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "நல்லாவே நடக்குங்க. கரண்டு போனா கையிலதான் கிளறுறோம்."

"அப்ப மெஷின் சும்மா பேருக்குத்தான்னு காப்புரிமை ஆபீஸ்ல தள்ளிருவாங்க" என்று வக்கீல் பேனாவை மூடினார்.

மலைக்குத் திரும்பும் சோளக்காடு பஸ்ஸில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

"ஏனுங்க, மெஷின் இல்லாமயே நடந்தா அது இன்னும் நல்ல முறைதானுங்களே?" என்றாள்.