ஐந்து கட்டை ஆச்சி

"நம்ம அஞ்சு கட்டை காரைக்குடி ஸ்டேஷன் மாதிரி. வண்டிதான் அதைத் தேடி வரணும். அது நகராது" என்று 1962இல், ஒரு கல்யாணக் கச்சேரி மேடையில் சிட்டாள் ஆச்சி அறிவித்தார். சுருதியை அரைக் கட்டை இறக்கும்படி கெஞ்சியவர் மதுரை வயலின்காரர். அன்று அவருடைய தந்தி இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது தந்தியோடு அவர் ஊர் போய்ச் சேர்ந்தார். ஸ்டேஷன் இருந்த இடத்திலேயே இருந்தது.

செட்டியார் வீட்டுப் பெண் மேடையேறுவதா என்று அந்நாளில் முகம் சுளித்த பங்காளிகள், இன்று ஆச்சி வானொலியில் பாடினால் ரேடியோவைத் தெருப் பக்கம் திருப்பி வைக்கிறார்கள். ஊர்ப் பெருமை தாமதமாகத்தான் வரும்; வந்தால் முன்வரிசையில்தான் உட்காரும்.

பெண்கள் பள்ளியில் ஆச்சிதான் பாட்டு டீச்சர். யாராவது தப்பாகப் பாடினால் திட்டமாட்டார், வெற்றிலைப் பெட்டியை 'டப்'பென்று மூடுவார். அந்தச் சத்தத்துக்குத் தலைமையாசிரியையே எழுந்து நின்றதுண்டு. சுருதிப் பெட்டியின் துருத்தியைப் பிறர் அழுத்தலாம். மூடிகளை ஆச்சி மட்டுமே தொடுவார். ஐந்து கட்டைக்குரிய பித்தளை மூடிகள் தேய்ந்து பொன்னாய் மின்னும். மற்றவை பச்சைக் களிம்பேறிக் கிடக்கும்.

1970இல் இருபத்திரண்டு பெண்களைக் கூட்டிச் சேர்ந்திசைக் குழு தொடங்கினார். சபைக்கு முதுகைக் காட்டி நின்று, விசிறிக் காம்பை வீசி அவர்களைப் பாடவைத்தார். தலைமை வகித்த பெரியவர் இதை அவமரியாதை என்று கருதி, தம் நாற்காலியையும் திருப்பிப் போட்டுக்கொண்டார். பாட்டு முடியும்வரை இரண்டு முதுகுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. "பாடாமக் கையை ஆட்டுறவுகளுக்கும் மாலையா?" என்று கேட்டவர்களே மறுவருடம் மாலை வாங்கி வந்தார்கள்.

குழுவின் கடைசி வரிசையில் அழகி நிற்பாள். ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வேலை. முரசு போன்ற குரல். சிவகங்கைப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில், மேல் ஸ்தாயி வந்தால் அவள் உதடு மட்டும் பாடுவதை ஆச்சி கண்டுபிடித்தார்.

"வாயசைக்கிறதுக்கு நம்ம என்ன சினிமாவா எடுக்குறோம்?"

"எட்டலை ஆச்சி. எனக்கு நாலு கட்டைதான் வரும். நீங்க இறங்க மாட்டீக. நான் நின்னுக்கிறேன்" என்றாள் அழகி.

வெற்றிலைப் பெட்டி மூடிக்கொண்டது. அழகி பஸ் ஏறிவிட்டாள். சனியன் ஒழிந்தது, இனிப் பரிசு நமக்கே என்று முன்வரிசைப் பெண்கள் மகிழ்ந்தார்கள். மறுநாள் ஒத்திகையை முழுதும் கேட்டுவிட்டு, "தரை போடாத வீடு மாதிரி இருக்குடி" என்றார் ஆச்சி. அன்றே ஆத்தங்குடிக்கு ஆள் போனது.

போட்டியன்று அழகி கடைசி வரிசையில், வாயசைக்கவும் தைரியமில்லாமல் நின்றாள். நடுவர் நாற்காலியில் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவர் அதே மதுரை வயலின்காரர். ஆச்சி அவருக்குக் கும்பிடு போட்டார். பெட்டியை எடுத்து மடியில் வைத்து, மின்னும் மூடிகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். களிம்பேறிய மூடி ஒன்றை நகத்தால் நெம்பினார். அது கீச்சிட்டுத் திறந்தது. துருத்தி அசைந்ததும், நாலு கட்டையில் சுருதி கிளம்பியது.

வயலின்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆச்சி அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, விசிறிக் காம்பைக் கடைசி வரிசையை நோக்கி உயர்த்தினார்.