இரண்டாம் அணியின் முதல் பதினொருவர்

தேசியக் கால்பந்து அணிக்கு ஓர் இரண்டாம் அணி உண்டு. முதல் அணி போட்டுக் கழித்த சட்டைதான் அதற்குப் புதுச் சட்டை. அந்தச் சட்டைகளைப் பத்தொன்பது ஆண்டுகளாகத் துவைத்துத் தைத்துத் தருபவரை ஆட்டக்காரர்கள் அக்கா என்பார்கள்.

கால்பந்துச் சங்கம் அச்சிடவிருக்கும் வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டாம் அணிக்கு ஒரே வரிதான் என்று கேள்விப்பட்டதும் அக்கா செயலாளரிடம் போனார். முதல் ஆட்டத்தில் ஆடியவர்கள் பெயர் கிடைக்கவில்லை என்பதே அந்த வரி.

"என்கிட்ட இருக்கு சார்," என்று சலவை நோட்டை நீட்டினார். யாருக்கு எந்த எண் சட்டை என்று ஆட்டவாரியாக எழுதியிருந்தார்.

முதல் ஆட்டத்தின் பக்கத்தைப் பார்த்துச் செயலாளர் சிரித்தார். "ரெண்டு பேருக்கு ஏழாம் நம்பராம்மா? இதை அச்சடிச்சா ஊரே சிரிக்கும்."

"அன்னைக்கே சிரிச்சாச்சு சார். மூட்டையில ரெண்டு ஏழு வந்ததை நான் கவனிக்கல. ரெஃப்ரி ஆட்டத்தையே நிறுத்திட்டார். ஒரு வெள்ளை சாக்ஸைக் கிழிச்சு, ஒருத்தன் சட்டையில ஏழுக்கு முன்னாடி ஒண்ணு தச்சு பதினேழாக்கினேன். அவசரத்துல அவன் முதுகுலயும் ஊசிய ஏத்திட்டேன்."

செயலாளர் அந்த ஆட்டத்தின் பழைய கோப்பை எடுத்துப் புரட்டினார்; ஆட்டக்காரர் பட்டியல் இல்லை. நடுவரின் குறிப்பு மட்டும் இருந்தது: எண் தைப்பதற்காக ஆட்டம் ஆறு நிமிடம் நின்றது.

செயலாளரின் சிரிப்பு அடங்கியது. "சரி, வச்சிட்டுப் போங்க. பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா கிணத்துல போட்ட கல்லுதான்." அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. கோல்கீப்பர்ல இருந்து ஆரம்பிப்போமா?"

செயலாளர் பேனாவைத் திறந்தார்.