நாய்க்குட்டி விழுங்கிய ஒட்டுப்பால்

எங்கள் வீட்டு நாய்க்குட்டிக்குப் பல் மாறத் தொடங்கியதும் முதலில் போனது நான் வேலைக்குக் காலில் மாட்டும் சப்பாத்து. அடுத்தது டிவி ரிமோட். அதற்கடுத்து, வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால் சீப்பு மாதிரி ஆனது. மலேசியாவில் மந்தின் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் குடியிருக்கும் எங்களுக்கு நாய் புதிதில்லை. ஆனால் பழைய நாய்களெல்லாம் தாமாக வளர்ந்தவை. எண்ணெய்ச் செம்பனைக் காட்டுக்குள் எதைக் கடித்தன, எதைத் துப்பின என்று யாரும் பார்த்ததில்லை. இந்தக் குட்டியின் கதை வேறு. செண்டாயான் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்யும் என் மனைவி, கேன்டீன் பின்னால் மழையில் நடுங்கிக்கொண்டிருந்ததைச் சாப்பாட்டுப் பையில் போட்டுத் தூக்கிவந்தாள். பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட வீடு. மீனில் நடுத்துண்டு குட்டிக்கு, வால் எனக்கு.

"கடிக்க ஏதாச்சும் வாங்கிக் குடுங்க. பல்லு நமநமங்குது அதுக்கு. பாவம்," என்றாள்.

இரவுச் சந்தையில் ஒரு மஞ்சள் வாத்து வாங்கினேன். அமுக்கினால் கீச்சென்று கத்தும். அன்று ராத்திரியே அதன் வயிறு கிழிந்தது. உள்ளே கத்திக்கொண்டிருந்த பிளாஸ்டிக் வில்லையைக் குட்டியின் வாய்க்குள் விரலை விட்டு எடுத்தவள் மனைவி. பிறகு ஆட்டுக்கால் எலும்பு கொண்டுவந்தேன். சிமெண்டுத் தரையில் தட்டிக் காட்டினேன். சுத்தியல் மாதிரி சத்தம் வந்தது.

"அதுக்குப் பல்லு மொளைக்கணுமா, ஒடையணுமா?" என்று கேட்டு எலும்பை வாங்கி எறிந்தாள்.

அப்போதுதான் என் உடம்பில் ஓடும் ரப்பர் ரத்தம் விழித்துக்கொண்டது. என் அப்பாவும் அம்மாவும் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர்கள். நான் வெட்டியது பள்ளி விடுமுறைகளில் மட்டும். அதுவும் மரத்துக்குக் காயம் வைத்து வேலையை மேய்க்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்கிய அளவுக்குத்தான். ஆனாலும் யாராவது ரப்பர் என்று வாயெடுத்தால், அதைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்பது போல முன்னால் போய் நிற்பேன்.

பால்மரத்தில் வெட்டிய கோட்டோரம் வழிந்து, காய்ந்து, நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பாலுக்கு ஒட்டுப்பால் என்று பெயர். அதை உரித்து இழுத்துச் சுற்றினால் பந்தாகும். சின்ன வயதில் அந்தப் பந்தைச் சுவரில் அடித்தால் சுவருக்குத்தான் வலிக்கும். ஆற்றங்கரைப் பக்கம் இன்னும் பால்மரம் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு ஒட்டுப்பால் வாங்கிவந்து, நாரத்தங்காய் அளவுக்கு ஒரு பந்து சுற்றினேன். துவைக்காத காலுறையை மீன் கழுவிய தண்ணீரில் ஊறப்போட்ட மாதிரி ஒரு நாற்றம். குட்டிக்கோ கண்டதும் காதல்.

பக்கத்து வீட்டு நண்பனிடம் பெருமையாகக் காட்டினேன். அவன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன்.

"பரம்பரை ரப்பர் மச்சான். ஜென்மத்துக்கும் பிய்யாது."

"லோரி டயரே பிய்யுது. ஒன் பந்து பிய்யாதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோழிப் பிரட்டலை ஒரு பிடி பிடித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். குட்டி சாதுவாக உட்கார்ந்திருந்தது. காலடியில் பந்து. பந்தில் கட்டைவிரல் நுனி போகிற அளவுக்கு ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் இருந்திருக்க வேண்டிய துண்டைக் காணோம். நாற்காலிக்கடியில் பார்த்தேன். சப்பாத்துக்குள் பார்த்தேன். வாசல் கால்வாயோரம் படுத்து எட்டிப் பார்த்தேன். குட்டி ஓர் ஏப்பம் விட்டது.

"முழுங்கிருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில், சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள் சட்டியோடு ஓடிவந்தாள்.

நெருக்கடி நேரத்தில் என் மூளை மிக வேகமாக வேலை செய்யும். சரியாகச் செய்யுமா என்பது வேறு விஷயம். தொண்டையில் மீன் முள் சிக்கினால் சோற்று உருண்டை விழுங்குவோமே, அந்தக் கணக்கில் ஒரு வாழைப்பழத்தை உரித்து ஊட்டினேன். குட்டி தின்றுவிட்டு இன்னொன்று கேட்டது. அடுத்து விளக்கெண்ணெய்ப் போத்தலைத் தேடி எடுத்து மூடியைத் திறந்தேன்.

"அத நீங்க குடிங்க," என்று மனைவி போத்தலைப் பிடுங்கினாள். "காடிய எடுங்க மொதல்ல!"

நாய் டாக்டர் இருக்கும் சிரம்பான் வரை நான்கு விளக்கையும் மினுக்கவிட்டு ஓட்டினேன். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தபோதுதான் கவனித்தேன், அவ்வளவு பதற்றத்திலும் மாட்டுவண்டி வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். குட்டி சன்னலில் முகத்தை நீட்டிச் சுற்றுலா போனது. மனைவி அதை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தாள். என்னைத் திட்டக்கூட மறந்திருந்தாள்.

நாய் டாக்டர் இளம்பெண், நம்மவர்.

"என்னா முழுங்குச்சு, அங்கிள்?"

"ரப்பர், டாக்டர். ஒட்டுப்பால்."

"எந்தக் கடையில வாங்குனீங்க?"

"நானே செஞ்சது."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பரம்பரை ரப்பராம்," என்றாள் மனைவி.

பந்தின் பள்ளத்தைப் பார்த்தார். குட்டியின் வயிற்றைப் பல இடங்களில் அமுக்கினார். குட்டி அவர் கையை நக்கியது.

"வயிறு சாஃப்டாத்தான் இருக்கு. துண்டும் சின்னது. அநேகமா தானா வந்துரும். ஆனா வாந்தி எடுத்தாலோ, சாப்பாட்ட ஒதுக்குனாலோ, சுருண்டு படுத்தாலோ ஒடனே தூக்கிட்டு வந்துரணும். கொடல்ல அடைச்சிக்கிட்டா வயித்தக் கிழிச்சித்தான் எடுக்கணும். இத்தினியூண்டு ஒடம்பு, தாங்குறது கஷ்டம்."

மனைவியின் கை குட்டியின் முதுகிலேயே நின்றுவிட்டது.

"எக்ஸ்ரே?" என்றேன்.

"ரப்பர் அதுல சரியா தெரியாமப் போகலாம். வெளிய வர்றத பாருங்க."

"எப்படி டாக்டர் பார்க்கிறது?"

"கண்ணாலதான் லா, அங்கிள்."

புறப்படும்முன் என் கட்டைவிரலை மேசையில் வைக்கச் சொல்லி எனக்குப் பாடம் எடுத்தார். பொம்மையில் நகத்தை வைத்து அமுக்கினால் கொஞ்சமாவது பதிய வேண்டும். பதியாவிட்டால் குட்டியின் பல் உடையும். முறுக்கி இழுத்தால் பிய்யக் கூடாது. முழுதாக வாய்க்குள் போகிற அளவில் இருக்கக் கூடாது. அப்படியொன்று கிடைக்கும்வரை ஈரத்துணியை முறுக்கிக் குளிர வைத்துக் கடிக்கக் கொடுக்கலாம், ஆனால் எதைக் கொடுத்தாலும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். "எண்ணெய் கிண்ணெய் குடுத்துராதீங்க," என்றும் சேர்த்துக்கொண்டார். போத்தல் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று மனைவியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டேன். தோட்டத்துத் திடலில் குட்டி முன்னால் போக, இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சியோடு நான் பின்னால் போனேன். அது குந்தும் இடத்திலெல்லாம் நானும் குந்தினேன். லோரியை நிறுத்தி நண்பன் எட்டிப் பார்த்தான்.

"என்னா மச்சான் தேடுற? மோதிரமா?"

"போடா!"

"கெடச்சா சொல்லு, பங்கு வேணும்!"

அன்று ஒன்றும் வரவில்லை. குட்டி சாப்பிட்டது, ஓடியது, என் கைலியைக் கடித்தது. மனைவி வேலையிலிருந்து மணிக்கொரு முறை போன் செய்தாள். "சாப்டுச்சா? வாந்தி எடுத்துச்சா?" நான் சாப்பிட்டேனா என்று கேட்கவே இல்லை. சாயங்காலம் வீடு திரும்பியதும் தரையில் உட்கார்ந்து அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். என்னதான் கேட்டதோ, வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலை, கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்தில், என் குச்சி எதிலோ பட்டுத் துள்ளியது. நான் போட்ட கூச்சலில் மூன்று வீட்டுச் சன்னல்கள் திறந்தன. கண்டெடுத்த செல்வத்தை வெளிக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினேன். பந்தின் பள்ளத்தில் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. முழுத் துண்டும் வந்துவிட்டது.

வேலைக்குக் கிளம்பி நின்ற மனைவி குனிந்து பார்த்தாள். குட்டியை அள்ளி முகத்தோடு அணைத்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"அந்தக் கைய வச்சிக்கிட்டு எதையும் தொட்றாதீங்க," என்றாள்.

பந்து குப்பைக்குப் போனது. பரம்பரைப் பெருமையும் கூடவே போனது. அன்று மாலை சிரம்பானில் நாய்ச் சாமான் கடையொன்றில் ஒவ்வொரு பொம்மையாக எடுத்து நகத்தால் அமுக்கி, முறுக்கி, மூக்கில் வைத்துப் பார்த்தேன். கடையிலிருந்த சீனப் பெண், இது மோந்து பார்த்து வாங்க டுரியான் பழம் இல்லை அங்கிள் என்று மலாயில் சொன்னாள். நான் அசரவில்லை. கடைசியில், குட்டியின் வாயை விடப் பெரிதான, நகம் இலேசாகப் பதிகிற, என்ன இழுத்தும் பிய்யாத ஒரு ரப்பர் வளையம் அகப்பட்டது.

குட்டி வளையத்தைக் கடிக்க, காவலுக்கு நாங்கள் இருவரும் வாசலில் உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் வளையத்தில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது.

"ரத்தம்! காடி சாவி எங்க?" என்று எழுந்தேன்.

"ஒக்காருங்க." அவள் வளையத்திலிருந்து எதையோ நகத்தால் கிள்ளி எடுத்தாள். குருணை அளவில் வெள்ளையாக ஒன்று. "பால் பல்லு. விழுந்துருச்சு." எங்கள் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தபோது சிரித்த அதே சிரிப்பு. "கூரையில தூக்கிப் போடுங்க. அப்பத்தான் புதுப் பல்லு நல்லா வரும்."

"நாய்க்குமா?"

"ஏன், அது மட்டும் பொக்க வாயோட திரியணுமா?"

எறிந்தேன். தகரத்தில் டிக்கென்று ஒரு சத்தம். பிறகு டிக், டிக், டிக்கென்று உருண்டு கீழ்நோக்கி வந்தது. குட்டி அண்ணாந்து வாயைத் திறந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம்.