பொன்னுத்தாயின் கைநாட்டு

எங்கள் பஞ்சாயத்தில் ஐந்து வருஷம் பெண் மெம்பராக இருந்த பொன்னுத்தாய், ஒரு கூட்டத்துக்குக்கூட வந்ததில்லை. வராதது அவள் குற்றமில்லை. அவளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியவன் நான்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் பகலில் வாத்தியார், சாயங்காலம் பஞ்சாயத்து கிளார்க். பெயர் பங்கிராஸ். ஆவூரில் பிறந்து, பெண் எடுத்த ஊரென்று திருவரங்குளம் பக்கம் வந்து, அப்படியே தங்கிப்போனவன்.

ராஜா ஆண்ட சமஸ்தானம் போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1960இல் எங்கள் ஊரில் வார்டு பிரித்து ஓட்டுப் போட்டார்கள். ஏழு வார்டிலும் ஆண்களே ஜெயித்தார்கள். உடையப்பன் தலைவரானார். நிலம் நிறைய உள்ள பெரிய சம்சாரி, குரலை உயர்த்தாமலே காரியம் முடிக்கிறவர். பெண் ஒருத்தியும் ஜெயிக்கவில்லையென்றால் மெம்பர்களே ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று யூனியன் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. உடையப்பன் ஊர்ப் பெண்களை ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்த்தார். ஒருத்திக்கு வாய் நீளம், இன்னொருத்தியின் புருஷன் எதிர்க்கட்சி. கடைசியில், வாயில்லாப் பூச்சியாக ஒருத்தி வேண்டும் என்று என்னிடமே கேட்டார். தெற்குத் தெருப் பொன்னுத்தாய் பெயரைச் சொன்னது நான். அந்த யோசனைக்காக அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பொன்னுத்தாய்க்கு அப்போது நாற்பது வயது இருக்கும். புருஷன் கண்டிச் சீமைக்குப் போனவன், பத்து வருஷமாகக் கடுதாசி இல்லை. ஒரே மகள் அழகி. தெற்குத் தெருவுக்கு ஊருணித் தண்ணீர்தான். பங்குனி, சித்திரையில் ஊருணி வற்றிவிடும். நடுவில் ஆள் ஆழத்துக்கு ஊற்றுக்குழி தோண்டி, உள்ளே இறங்கி, சிரட்டையால் மோந்து மோந்து குடம் நிரப்புவார்கள். 1957 சித்திரையில் அழகி அப்படி இறங்கியபோது குழி சரிந்தது. பதினொரு வயசுப் பிள்ளை. மண்ணைத் தள்ளி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காடாற்றிய மறுநாள் பொன்னுத்தாய் குடத்தை எடுத்துக்கொண்டு அதே ஊருணிக்குப் போனாள். பக்கத்துக் குழியில் இறங்கி மோந்து வந்தாள். வேறு தண்ணீர் கிடையாது, அதனால் போனாள். ஊர் அதைப் பார்த்துக் கல்நெஞ்சுக்காரி என்றது. அதற்குப் பிறகு கேட்டால் பதில், இல்லாவிட்டால் அதுவும் இல்லை என்று ஆகிவிட்டாள்.

நான் போனபோது கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். மெம்பர் பதவி, சட்டம், பெண்களின் பங்கு என்று பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“அதுல சேந்தா எங்க தெருவுக்குக் கெணறு கெடைக்குமா, வாத்தியாரய்யா?”

கேட்டு வாங்கலாம் என்றேன். அப்படியானால் சரி என்றாள்.

முதல் வருஷமே தெற்குத் தெருவில் குடிதண்ணீர்க் கிணறு வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். உடையப்பன் தடுக்கவில்லை. யூனியனிலிருந்து அனுமதி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தெரியும். நான் போய்ச் சொன்னதும் பொன்னுத்தாய் தன் வீட்டுக்கு மேற்கே கிடந்த புறம்போக்கில் முள்ளை வெட்டி இடத்தைச் சுத்தம் செய்தாள். அன்றிலிருந்து தன் வாசலைக் கூட்டுகிறபோது அந்த வெறும் தரையையும் சேர்த்துக் கூட்டினாள். தெருப் பெண்கள் கேலி செய்தார்கள். ஆனாலும் அந்த இடத்தில் யாரும் குப்பை கொட்டவில்லை.

கூட்டம் நடக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். உடையப்பன் வீட்டு முற்றத்தில் மூன்று பேரோ நான்கு பேரோ உட்கார்ந்து பேசுவார்கள். நான் எழுதுவேன். வராதவர்களின் வீட்டுக்குத் தீர்மானப் புத்தகம் என் சைக்கிளில் போகும். கையெழுத்து வாங்கினால் அவர்களும் வந்தவர்கள். எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். பொன்னுத்தாய் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, கட்டைவிரலை நீட்டுவாள். மைப்பெட்டியில் ஒற்றி, நான் காட்டிய இடத்தில் வைப்பாள். விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். “கெணத்துச் சமாச்சாரம் ஏதாச்சும் உண்டா?” என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

1962 மாசியில் கிணற்றுக்கு அனுமதி வந்தது. ஓவர்சியர் வந்து இடம் பார்க்குமுன் உடையப்பன் ஒரு கூட்டம் போட்டார். அவர் அந்த வருஷம் வடக்கே புதிதாகத் தென்னங்கன்று வைத்திருந்தார். தெற்குத் தெருவில் பூமிக்கடியில் பாறை இருப்பதால் கிணற்றை வடக்கே மாற்றலாம் என்று எழுதச் சொன்னார். பாறை இருக்கிறதா என்று யாரும் ஒரு முழம்கூடத் தோண்டிப் பார்க்கவில்லை. புதிய இடம் அவருடைய வேலிக்கு இருபதடி. பெண்கள் இறைக்கிறபோது சிந்துகிற தண்ணீர் தானாகக் கன்றுக்குப் போகும். எழுதினேன். கீழே ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று வழக்கம்போல முடித்தேன்.

அன்று பொன்னுத்தாயின் கட்டைவிரலில் பெரிய துணிக்கட்டு. கதிரறுப்பில் அரிவாள் பட்டுவிட்டதாம். அப்படியே திரும்பி வந்திருக்கலாம். நான் ஆள்காட்டி விரலைப் பிடித்து மையில் ஒற்றினேன்.

“கெணத்துச் சமாச்சாரமா?” என்றாள்.

“வழக்கமான தீர்மானந்தாங்க்கா” என்றேன்.

அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதாக எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. சைக்கிளில் ஏறியதும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டு போனேன்.

வடக்கே கிணறு வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அது வேறு கிணறு என்றே பொன்னுத்தாய் நினைத்தாள். திறப்பு விழாவுக்குத்தான் அவளுக்கு முதன்முதலாக அழைப்புப் போயிற்று. பெண் மெம்பரை அதிகாரி கண்ணில் காட்ட வேண்டுமே. வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்தாள். கிணற்றடியில் கல் நட்டிருந்தது. தெற்குத் தெருப் பள்ளிக்கூடப் பெண்ணொருத்தி அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள். ‘தெற்குத் தெருக் கிணறு’ என்று மேலே இருந்தது. அனுமதி அந்தப் பெயரில் வந்ததால் ஓவர்சியர் அதை மாற்றச் சம்மதிக்கவில்லை. கீழே எட்டு மெம்பர்களின் பெயர். கடைசிப் பெயர் பொன்னுத்தாய்.

அவளுடைய அடுத்த வீட்டுக்காரி செவந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஒம் பேரு கல்லுல ஏறணும்னு எங்க கெணத்தத் தூக்கிக் குடுத்துட்டியே. பெத்த பிள்ளைய மண்ணுல குடுத்தவ நீ. ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

பொன்னுத்தாய் கல்லையே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதிகாரிக்குப் போட வேண்டிய மாலை என் கையில் இருந்தது. நான் அதில் உதிர்ந்த பூவை எடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மூன்று வருஷம் அவள் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தாள். ஊருணிக்குப் போகிற அதே தூரம். வடக்குத் தெருக்காரர்கள் முதலில் இறைப்பார்கள், பிறகு தெற்குத் தெரு, கடைசியில் இவள். தெருவில் யாரும் அவளோடு பேசவில்லை, அவளும் பேசவில்லை. வீட்டுக்கு மேற்கே இருந்த வெறும் தரையைக் கூட்டுவதை மட்டும் விடவில்லை. புத்தகத்தோடு நான் போனால் விரலை நீட்டுவாள். கிணற்றுச் சமாச்சாரம் கேட்பதை நிறுத்தியிருந்தாள். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

1965இல் பதவிக் காலம் முடிந்தது. தலைவருக்கு நன்றி சொல்கிற கடைசித் தீர்மானத்தோடு போனேன். விரலை நீட்டவில்லை. புத்தகத்தை முதலிலிருந்து புரட்டச் சொன்னாள். எழுத்துத் தெரியாதவளுக்கு இது எதற்கு என்று எரிச்சலாக வந்தது. இருந்தாலும் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் அவள் கட்டைவிரல் ரேகை, உருண்டையாக, ஒரே அளவில். அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் கையை வைத்தாள். அங்கே இருந்த ரேகை சிறிதாக, ஒடுங்கலாக இருந்தது.

“இது ஆள்காட்டி வெரலு. கையறுத்துக்கிட்ட அன்னைக்கு வச்சது. இதப் படிங்க.”

படித்தேன். வேறு எதையாவது படித்திருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவள் விரல் அந்த வரி மேலேயே இருந்தது. பாறை, வடக்கு, எல்லாம் படித்து, ‘ஏகமனதாக’ வரை வந்தேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். எல்லாருக்கும் ஒரே மனசு என்று அர்த்தம் என்றேன்.

“எம் மனசும் அதுல இருக்கா?”

“எழுத்துப்படி இருக்குங்க்கா.”

தலையை ஆட்டினாள். அழுதிருந்தால், நாலு வார்த்தை வைதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக, இந்தத் தடவை வார்டில் நிற்கப் போவதாகச் சொன்னாள். உள்ளே போய்க் கேட்டால்தான் கிணறு கிடைக்கும், நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றாள். எனக்கு ஒரே ஒரு வேலை வைத்தாள்.

“தெருவுல ஒரு வார்த்த சொல்லுங்க. படிச்சுக் காட்டாமத்தான் கைநாட்டு வாங்குனேன்னு. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.”

“சொல்றேன்க்கா” என்றேன். பிறகு அவள் நன்றித் தீர்மானத்துக்கும் கைநாட்டு வைத்தாள்.

நான் சொல்லவில்லை. உடையப்பன் நினைத்தால் மிஷன் மேனேஜரிடம் ஒரு வார்த்தையில் என் வாத்தியார் வேலையைப் பறித்துவிடலாம். என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். இதெல்லாம் சப்பைக்கட்டு என்று எனக்கே தெரியும். பொன்னுத்தாயின் தேர்தல் மனுவை நான்தான் எழுதிக்கொடுத்தேன், அழகான கையெழுத்தில். அதோடு கடமை முடிந்தது என்று வைத்துக்கொண்டேன். ஆவூர்க் கோவிலில் அந்த வருஷம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது கோபம், பொறாமை என்று என் பாவங்களை வரிசையாகச் சொன்னேன். இதை மட்டும் விட்டுவிட்டேன்.

ஓட்டுப் போடுகிற நாளில் வாத்தியார் என்று என்னையே சாவடியில் உட்கார வைத்தார்கள். விரலில் மை வைக்கிற வேலை. காலையில் முதல் ஆளாகப் பொன்னுத்தாய் வந்தாள். ஆள்காட்டி விரலை நீட்டினாள். வெளியே தெற்குத் தெரு முழுவதும் வரிசையில் நின்றது. அப்போது எழுந்துபோய்ச் சொல்லியிருந்தால்கூடப் போதும். சாவடியில் பேசக் கூடாது என்று சட்டம் இருந்தது. சட்டம் எனக்கு அன்றைக்கு ரொம்ப உதவியாக இருந்தது.

அந்த வார்டில் நூற்று முப்பத்தொரு ஓட்டு. உடையப்பனின் வண்டிக்காரன் தங்கமுத்து ஜெயித்தான். கிணறு வெட்டித் தருகிறேன் என்று அவனும் சொல்லியிருந்தான். பொன்னுத்தாய்க்கு ஒன்பது. பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தவளிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

“ஒன்பது பேரு நம்பியிருக்காங்க” என்றாள். பிறகு, “ஒங்க ஓட்டு அதுல உண்டா?” என்று கேட்டாள்.

என் ஓட்டு வேறு வார்டு என்றேன். உண்மைதான். சரி என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்து நடந்தாள்.

அந்தத் தடவையும் பெண் யாரும் ஜெயிக்கவில்லை. உடையப்பன் செவந்தியைச் சேர்த்துக்கொண்டார். கிணற்றடியில் அத்தனை பேச்சுப் பேசியவள், மெம்பர் ஆனதும் அடங்கிப்போனாள். கிணறு எப்போது என்று மட்டும் கேட்டாள். சீக்கிரம் என்றேன். முதல் கூட்டம் முடிந்து, புத்தகத்தைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு தெற்குத் தெருவுக்குப் போனேன். செவந்தி கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, கட்டைவிரலை நீட்டினாள்.

“வழக்கமான தீர்மானந்தாம்மா” என்றேன். என் வாய் தானாகச் சொல்லிற்று.

அந்த நேரம் வடக்கேயிருந்து பொன்னுத்தாய் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். மூன்று வருஷத்துக்கு மேலாக செவந்தியும் அவளும் பேசிக்கொண்டதில்லை. எங்களைக் கடந்து நாலடி போனவள், நின்றாள்.

“படிக்கச் சொல்லு செவந்தி.”

செவந்தி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நீட்டின விரல் அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக, மையை ஒற்றாமலே, அதை மடக்கிக்கொண்டாள்.

“படிங்க சார்” என்றாள்.

தெருவிளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்குகிற தீர்மானம், அவ்வளவுதான். எண், தேதி, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று ஒரு எழுத்து விடாமல் படித்தேன். பொன்னுத்தாய் குடத்தை இறக்கி வைக்காமல், இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, ‘ஏகமனதாக’ வரும்வரை நின்று கேட்டாள். முடிந்ததும் வீட்டுக்குள் போனாள்.