பூனாகலை அம்மா வாங்கிய கேம் மிஷின்

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் கொழும்புக் கம்பெனிகள் கழித்துவிட்ட பெரிய கம்ப்யூட்டர்களை மலிவாக வாங்கி, கேம் கார்டு போட்டு, புதுசு மாதிரி ஓடவைக்கப் பண்டாரவளையில் என்னை விட்டால் ஆளில்லை. படித்தவனே என்னிடம்தான் வருவான்.

அந்த அம்மா பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தார். கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்திய தழும்பு நெற்றியில் இருந்தது. கடையில் ஓடுகிற ஒவ்வொரு மிஷினையும், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

“இதுல வெளாடலாங்களா? சின்னவன் கொழும்புக்கு வேலைக்குப் போறேங்கிறான். மூத்தவனும் அப்படித்தான் போனான், பொணமாத்தான் வந்தான். இவன எப்படியாவது வீட்டுல நிறுத்தணுங்க.”

“தாராளமா வெளாடலாம்மா. ஆனா கரண்ட் நெறைய இழுக்கும். லயத்து வரிசை வீடு எல்லாத்துக்கும் ஒரே வயர்னா பியூஸ் போயிரும்.”

“தெரியுங்க. லயத்துல கேட்டுட்டேன். அவன் வெளாடுற நேரம் எல்லாரும் லைட்ட அணைச்சுட்டு இருக்கோம்னு சொல்லிட்டாங்க.”

இருந்ததிலேயே நல்லதை எடுத்துக் கொடுத்தேன்.

பையன் நின்றானா, போனானா, தெரியாது. பொழுது சாய்ந்து பூனாகலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஏதாவது ஒரு லயம் இருட்டாகக் கிடந்தால், அவன் வீட்டில்தான் இருக்கிறான் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.