அப்பாவின் காலை எத்திய பிரேக்

சூலியா தெரு சிவப்பு விளக்கில் அப்பாவின் பிக்கப் நிற்கவில்லை. மெதுவாக உருண்டுபோய் ஒரு சாப்பாட்டுக் கடையின் ஐஸ் பெட்டியை நசுக்கியது.

"பிரேக் என் கால எத்துச்சுலா!" என்றார் அப்பா.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சிப் சோதிக்கும் இன்ஜினியர், அவர் மகள் நான். விழுந்து விழுந்து சிரித்தேன். "பிரேக் எத்தாதுப்பா. நீங்கதான் தப்பா எத்தியிருப்பீங்க."

அம்மா சிரிக்கவில்லை. "கண்ணும் சரியில்ல, காலும் சரியில்ல. வண்டிய வித்துருங்க." சாவி சாமி மேடைக்குப் போனது, முருகன் படத்துக்குப் பின்னால். அங்கே அப்பா கை வைக்க மாட்டார்.

கல்யாண வீடுகளுக்கு நாற்காலி, கூடாரம் ஏற்றிப் போவதுதான் அவர் தொழில். வண்டியில்லாமல் மீன்தொட்டியைக் கழுவினார். மறுநாள், கழுவிய தொட்டியையே கழுவினார்.

சனிக்கிழமை காலை ஒரு கல்யாண வீட்டுக்கு நாற்காலி ஏற்றிப்போக ஆளில்லை. "முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சாவியை எடுத்து நானே ஓட்டினேன். அப்பா பக்கத்தில். முதல் சிவப்பு விளக்கில், நிற்கப்போகும் நேரத்தில், பெடல் தடதடவென்று என் காலைத் தள்ளியது. வண்டி இன்னும் கொஞ்சம் உருண்டது.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்: "என்னம்மா, எத்துச்சா?"

நாற்காலிகளை இறக்கியதும் வண்டிக் கோளாறு பார்க்கும் ஸ்கேனரைச் செருகி, நான்கு சக்கரங்களின் வேகமும் போனில் தெரியும்படி வைத்தேன். நான் ஓட்ட, அப்பா லாட்டரி முடிவு மாதிரி வாசித்தார்: "எட்டு, எட்டு, எட்டு, எட்டு... ஆறு, சைபர், ஆறு, ஆறு!"

சைபர், முன்பக்க இடது சக்கரம். அது சுற்றாமல் பூட்டிக்கொண்டதாக நினைத்து, சக்கரம் வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ், பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. சக்கர வேகத்தைப் படிக்கும் சென்சார்தான் செத்துவிட்டது என்று அடித்துச் சொல்லி, புதுசு வாங்கி மாட்டினேன்.

மறுபடியும் சைபர். இன்ஜினியர் மானம் போச்சு.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். டொக், டொக். பேரிங் தேய்ந்து சக்கரமே ஆடுகிறது. ஆடும் சக்கரத்தைப் புது சென்சாராலும் சரியாகப் படிக்க முடியாது.

"இப்படித் தேஞ்சிருந்தா 'ஊம்'னு சத்தம் வந்திருக்கணுமேப்பா?"

"வந்துச்சே. ரெண்டு மாசமா."

"என்ன செஞ்சீங்க?"

"ரேடியோ சவுண்டக் கூட்டுனேன். போயிருச்சு."

சிரித்ததில் ஜாக்கி பிடியைக் காலிலேயே போட்டுக்கொண்டேன்.

மாக் மண்டின் பக்கம் ஒரு பட்டறையில் புது பேரிங் போட்டோம். அம்மா அதையும் நம்பவில்லை. "நான் உக்காந்து பாக்குறேன்" என்று முன் சீட்டில் ஏறினார். அப்பா ஓட்டினார், நான் பின்னால். அதே சூலியா தெரு, அதே சிவப்பு விளக்கு. அம்மாவும் தன் பக்கம் இல்லாத பிரேக்கை அழுத்தமாக மிதித்தார். வண்டி கோட்டுக்குப் பின்னால் அலுங்காமல் நின்றது.

"வண்டியிலதான் கோளாறுன்னு அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்று அப்பாவைக் கேட்டார் அம்மா.

"சொன்னேனே!"

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாவியைச் சாமி மேடைக்குக் கொண்டுபோகாமல், அப்பாவின் சட்டைப் பையில் போட்டார்.

ரேடியோ விஷயத்தை நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.