கிரைண்டர் முறை தெரியாதவனின் மட்டாஞ்சேரிப் பயணம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பெண்ணின் கிரைண்டரை எரித்துவிட்டு, அவர் வீட்டிலேயே உட்கார்ந்து ஆறு தோசை தின்றவன் நான். சட்னி இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

2006 மே மாதம். மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கை சர்வர் அறையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெரிய ஏசிகளை மாட்டி ஓட்டிக் காட்டக் கோவையிலிருந்து என்னை அனுப்பினார்கள். வேலை பாதி, ஊர்சுற்றல் பாதி. எர்ணாகுளத்தில் இறங்கி பஸ் பிடித்து, வழியில் தோப்பும்படித் துறைமுகத்தில் வீட்டுக்கு இரண்டு கிலோ வஞ்சிரம் வாங்கினேன். அங்கே நெய்மீன் என்கிறார்கள். அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் மீன் நாற்றத்துக்கும் சேர்த்து நாற்பது ரூபாய் கேட்டார். கொடுத்தேன்.

கிடங்கு இருந்த சந்துக்கு ஒரே டிரான்ஸ்ஃபார்மர். ஏற்கெனவே இரண்டு கிடங்குகள் கம்ப்யூட்டர் அறைகளாகிவிட்டதால் மாலையில் வோல்டேஜ் இறங்கி பல்பெல்லாம் மஞ்சள் காமாலை பிடித்து நின்றது. அதனால் வீடுகளுக்குள் ஒரு முறை வைத்திருந்தார்கள். கிரைண்டரோ தண்ணீர் மோட்டாரோ போடுபவர் ஜன்னலில் நின்று "நான் போடுறேன்!" என்று கத்துவார், மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் அறைகள் மட்டும் யார் கத்தினாலும் நிறுத்துவதில்லை.

மாலை ஐந்து மணிக்கு செல்வி வந்தார். சாயாக்கடைகளுக்கு மாவு ஆட்டிக் கொடுக்கும் தமிழ்ப் பெண். முழங்கை வரை மாவு.

"சாரே, இப்ப என்னோட முறையாக்கும். நாளைக்கு ஒரு கல்யாணத்துக்கு மாவு கொடுக்கணும். ஒரு ஏசியையாவது ஒரு மணிக்கூர் நிறுத்துங்க."

"நிறுத்தினா கம்ப்யூட்டரெல்லாம் வீணாயிடும்மா" என்றேன், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் டாக்டர் தோரணையில்.

அவர் நம்பிவிட்டார். அரை மணி நேரத்தில் சந்து முழுக்கக் கருகல் வாசனை. செல்வியின் கிரைண்டர் மோட்டார் போய்விட்டது.

எதிர்வீட்டு முஸ்லிம் அண்ணன், சந்துக்கே இக்கா, "செல்வி, எங்க மிக்சி இருக்குல்லா?" என்றார்.

"மிக்சியிலயா? ஆட்டி முடிக்கறதுக்குள்ள கல்யாணப் பொண்ணுக்குப் பிள்ளையே பொறந்துடும் இக்கா!"

கடைசியில் கிரைண்டர் உள்ள நான்கு வீடுகள் அரிசியைப் பங்கு போட்டுக்கொண்டன. அப்போதுதான் எனக்கு ஏசியை நிறுத்தத் தோன்றியது.

"வெறும் வயித்தோட ரயில் ஏறாதீங்க சாரே" என்று செல்வி நேற்றைய மாவில் தோசை ஊற்றினார். மோட்டாருக்கு நான் பணம் தருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். வாயில் தோசை இருந்தது. அப்போது அவர் கேட்டார்: "நிறுத்தினதுல உங்க கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஆறாவது தோசையோடு நிறுத்திக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: திரும்பும்போது படகில் வாருங்கள், எர்ணாகுளத்துக்கு இரண்டரை ரூபாய்தான். மாலையில் ஃபிரிட்ஜ் ஓடாத அந்தச் சந்துக் கடைகளில் குளிர்ந்த சோடா கேட்டு யாரையும் சங்கடப்படுத்தாதீர்கள். உங்கள் கம்பெனி அங்கே அறை எடுப்பதாக இருந்தால், வாடகை பேசும் முன் டிரான்ஸ்ஃபார்மரை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். ஜன்னலில் யாராவது கத்தினால் காது கொடுங்கள்.

இன்னொன்று. அந்த அறைக்குக் கம்ப்யூட்டர்கள் வந்து சேர்ந்தது அடுத்த மாதம். நான் ஏசி ஓட்டிய அன்று உள்ளே குளிர்ந்துகொண்டிருந்தது என் வஞ்சிரம் மட்டும்தான்.